குழாய்ச் சத்தம்

என் கணவருக்கு உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் சாப்பாடு இறங்கும். அதையும் குற்றக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். கட்டியவருக்கு வாய்க்கு ருசியாகப் போட்டது குற்றமென்றால் ஊரில் பாதிப் பெண்களை நீங்கள் பிடித்து உள்ளே போட வேண்டியிருக்கும்.

சரி, என் நாத்தனார் அலமாரியில் கண்டெடுத்து உங்களிடம் கொடுத்த பேட்டரிகளைப் பற்றியும் சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அவர் சாவியை வைத்த இடம் தெரியாமல் தடுமாற ஆரம்பித்ததும் மூளை நரம்பு டாக்டரிடம் நானேதான் கூட்டிப்போனேன். நல்ல டாக்டர். எல்லோருக்கும் ஒரே மருந்தை நீட்டுகிறவர் இல்லை. இவர் எப்படித் தூங்குவார், யாரோடு பேசுவார் என்று துருவித் துருவிக் கேட்டு, இவருக்கென்றே ஒரு வழி சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். பூங்காவில் சதுரங்கம் ஆடும் சிநேகிதர்களை விடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே காது.

"காது மந்தமானா மூளையும் சோம்பிடும்மா. காது கேக்கறதுக்கான இந்தக் கருவிய அவர் கழட்டாம பாத்துக்குங்க. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

என் கையில்தான் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். அப்போதுதான் நடை பழகியிருந்தாள். அவளைக் குளியல் தொட்டியில் உட்கார வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, உள்ளறையில் என் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நீண்டுவிட்டது. வேலையிலிருந்து வந்த அவர்தான் குழந்தையைத் தூக்கினார். கூடியவர்களிடம், "நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன், கண்ணசந்துட்டேன்" என்று சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவரைப் பெற்ற தாயே சாகும்வரை அவர் முகத்தில் விழிக்கவில்லை.

என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன். ஆனால் வீட்டில் எந்தக் குழாய் ஓடினாலும் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார். நான் பாத்திரம் கழுவினாலும் வருவார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பார்வையோடு நான் கிழவியாகிவிட்டேன்.

டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன், அவ்வளவுதான். சிநேகிதர்களை, "அவருக்கு யாரையும் பாக்கப் பிடிக்கலைங்க" என்று வாசலோடு அனுப்பினேன். அவரிடம், யாரும் தேடி வரவில்லை என்றேன். செருப்பை எடுத்து ஒளித்துவைத்தேன். கருவியின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழுதாகிவிட்டது என்றேன்.

"கொஞ்சம் கத்திப் பேசேன்மா, எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்று ஒருநாள் கெஞ்சினார். நான் வாயை மட்டும் அசைத்தேன். என் உதடுகளையே பார்த்துக்கொண்டு, புரிந்த மாதிரி தலையாட்டினார், பாவம்.

பிறகு ஒரு சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் கூடத்துக்கே வந்துவிட்டது. அவர் எழுந்து வரவில்லை. அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

இப்போது அவருக்கு என் பெயர் தெரியாது. அன்று தான் வேலையிலிருந்து வந்ததும் நினைவில்லை. ஊருக்குச் சொன்னது மட்டும் தங்கிவிட்டது. காலையில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். "நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கண்ணசந்துட்டேன். பாப்பாவ நானே கொன்னுட்டேன்."

நேற்று அழுதது இன்று நினைவிருக்காது. ஒவ்வொரு காலையும் குழந்தை அவருக்குப் புதிதாகச் செத்துப்போகிறது. அப்போது மட்டும் நான் கருவியில் பேட்டரியைப் போட்டுவிடுவேன். நான் சொல்வது அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமல்லவா?

"போனது போகட்டுங்க. நான் உங்கள மன்னிச்சிட்டேன்" என்பேன். என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள், போடுகிறேன். ஆனால் என்னை இங்கேயே வைத்துக்கொண்டால், நாளைக் காலையில் அவரை யார் மன்னிப்பார்கள்?