எண்ணெய் போடாத ஃபில்டர்

பைக்கின் ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவக் கூடாது. பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அழுக்கு போய்விடும், கூடவே ஸ்பாஞ்சைப் பிடித்திருக்கும் பசையும் இளகிவிடும். அதற்கென்று விற்கிற திரவத்தில் முதலில் ஊறவைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அமுக்க வேண்டும், கைக்குழந்தையின் சட்டையை அலசுவது போல. நிழலில் காயப்போட வேண்டும்.

காய்ந்ததும் அதற்குரிய எண்ணெயை ஊற்றிப் பிசைய வேண்டும். மண்பாதையில் ஓடுகிற பைக்குக்கு இதுதான் முக்கியம். ஸ்பாஞ்சு மட்டும் மண்ணைத் தடுக்காது, அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்புதான் தடுக்கும். எண்ணெய் போடாத ஃபில்டர் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். மாவு மாதிரியான பொடிமண் அதன் வழியாகத் தாராளமாக இன்ஜினுக்குள் போகும். இவ்வளவு விவரமாகச் சொல்வது, பிறகு நீங்கள் இடையில் நிறுத்திக் கேட்கத் தேவையில்லை என்பதற்காக.

என் தங்கைக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. அப்பா பட்டறையைப் பார்த்துக்கொண்டார், நான் அவளைப் பார்த்துக்கொண்டேன். அப்பாவும் போன பிறகு இரண்டையும் நானே பார்த்துக்கொண்டேன். பைக்குகளுக்கு நடுவில் வளர்ந்தவள் பைக் ஓட்டாமல் வேறென்ன செய்வாள்? மேட்டிலிருந்து தாவினால் கீழே இறங்க மனமில்லாதவள் போலக் காற்றில் நிற்பாள். கூட ஓட்டுகிறவர்கள் குருவி என்று பெயர் வைத்தார்கள். அவள் பைக்கின் ஃபில்டரை மட்டும் நான் யாரையும் தொட விட்டதில்லை. அவளையும்தான்.

சென்ற வருடக் கடைசியில் ஒரு பெரிய பந்தய அணி அவளைக் கூப்பிட்டது. வேறு ஊரில் தங்க வேண்டும். நான் பட்டறைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, அங்க எல்லாத்துக்கும் ஆள் இருக்காங்க. இனிமே எனக்காக நீ கைய அழுக்காக்கிக்க வேண்டாம். நிம்மதியா இரு."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்த அழுக்கைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. ரொம்ப சந்தோஷம் என்றேன். அவள் துணிமணிகளை வைக்கப் பெரிய பெட்டி ஒன்றும் வாங்கி வந்தேன்.

அணியில் சேரும் முன் ஒரு தேர்வு ஓட்டம் உண்டு. அதற்கு ஆறு வாரம் இருந்தது. நான் யோசித்தது எளிமையான வழி. ஃபில்டரை வழக்கம்போலக் கழுவுவேன், காயவைப்பேன், எண்ணெய் போடாமல் மாட்டுவேன். இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேர்வில் பின்தங்குவாள். அழுவாள். நான் தேற்றுவேன். பிறகு எல்லாம் பழையபடி நடக்கும். யார் மேலும் ஒரு கீறல்கூட விழாத வழி என்றுதான் நினைத்தேன்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு பயிற்சி முடித்து வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அக்கா, ஆக்சிலரேட்டர விட்டாலும் சில நேரம் வேகம் உடனே கொறைய மாட்டேங்குது. எங்கயோ ஒட்டுற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாரேன்."

கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன உருளை இருக்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மேலே ஏறும், விட்டால் இறங்கி வேகத்தைக் குறைக்கும். அதன் ஓரத்தில் மண் சேர்ந்தால் ஏறினது ஏறினபடி நின்றுவிடும். இருபது வருடமாக இதே வேலை பார்க்கிற எனக்கு அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"கேபிள் புதுசுல்ல, பழகினா சரியாயிடும்" என்றேன்.

"சரிக்கா" என்று குளிக்கப் போய்விட்டாள். நான் சொன்ன பிறகு எதையும் இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

தேர்வு அன்று மூன்றாவது சுற்றில், இறக்கத்து முடிவில் இருக்கிற திருப்பத்தில் வண்டி வேகம் குறையவில்லை. இன்ஜின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நேராகப் போய் டயர் அடுக்கில் மோதினாள். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். அவர்கள் அவள் கிடந்த பக்கம், நான் பைக் கிடந்த பக்கம். இன்ஜினை அணைக்கத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அணைக்கவும் செய்தேன். பிறகு சீட்டைக் கழற்றிக் காய்ந்த ஃபில்டரை எடுத்துவிட்டு, தோள்பையில் இருந்த எண்ணெய் போட்ட ஃபில்டரை மாட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஐந்து நிமிடமும் அவள் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது. ஃபில்டரின் திருகாணியை முழுதாக முடுக்கிவிட்டுத்தான் போனேன்.

கழுத்துக்குக் கீழே அவளுக்கு எந்த அசைவும் இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தானே பிரேக்கைத் தாமதமாகப் பிடித்ததாகவும், வண்டியில் ஒரு குறையும் இல்லையென்றும், அக்கா மேல் யாரும் பழி சொல்லக் கூடாதென்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த அணியின் மெக்கானிக் வந்தார். இன்ஜினைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். "ஃபில்டர் அவ்வளவு சுத்தமா இருக்கும்மா. உள்ள பூரா மண்ணு. எப்படின்னுதான் புரியல" என்றார். பழம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் அவள் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நான் விழுந்து கெடந்தப்ப நீ பைக்குகிட்டயா இருந்த?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

உங்களை வரச் சொன்னவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். நான் எதையும் மறுக்கவில்லை. எண்ணெய் போடாமல் மாட்டியது நான். ஒட்டுகிறது என்று சொன்ன பிறகும் அவளை ஓட்ட விட்டது நான். ஃபில்டரை மாற்றியதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடிந்தால் நல்லது. அவளுக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம். இப்போதெல்லாம் நான் கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். நர்ஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என் மேல் அவளுக்கு வருகிற கோபம் நாலு நாள்கூடத் தாங்காது. இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. இன்று வாங்கிக்கொள்வாள்.