வைக்கோல் சுற்றிய கிளை

பைன் மரத்தைக் கவாத்து செய்ய நவம்பர்தான் நல்ல மாதம். எங்கள் கனாசவாவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பனி விழுவதற்குள் வெட்டி முடித்து, நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கிளைக்கொரு கயிறாக இழுத்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பனியின் பாரத்தில் கிளைகள் முறிந்துவிடும்.

என் மனைவி ஒசாகாவுக்கு ரயிலேறிப் போனவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தோட்டத்தில் மனம் செல்லவில்லை. மரம் தன்பாட்டுக்கு வளர்ந்து, மாடியில் என் மகள் சிஹாருவின் ஜன்னலை எட்டிவிட்டது.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. ரொட்டிக்கடை ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சாப்பிடும்போது சொன்னாள். அதே ஒசாகாவில். சூடு கண்ட பூனை நான், எனக்குப் பயமாக இருந்தது. அன்றே அவள் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்தேன். வேளை தவறாமல் சோறும் மிசோ சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"அப்பா, நான் ஓடிப்போகலப்பா. வேலைக்குத்தானே போறேன். லீவுக்கு வருவேன்" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"உங்கம்மாவும் இப்படித்தான் சொன்னா."

"அம்மாவையும் இப்படித்தானே பூட்டி வச்சீங்க?"

பிள்ளைகள் கோபத்தில் எதையாவது சொல்லும்.

ஒருநாள் அவள் காலுறையில் பைன் பிசின் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கிளையில் கால் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஜன்னலை ஆணி அடித்து மூடியிருக்கலாம்தான். ஆனால் காற்று வராத அறையில் பெற்ற பிள்ளையை எப்படி வைப்பது?

அந்த வாரமே பக்கத்து வீட்டு ஹிசாயே மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "என்னண்ணே, எங்க வீட்டு வெயிலையெல்லாம் உங்க மரமே குடிச்சிடுது. மொட்டை அடிச்சாத்தான் சரிப்படும். சிஹாருவ வேற கண்லயே காணோம்?"

"சளி பிடிச்சிருக்கு" என்றேன்.

மூன்றுகால் ஏணியைப் போட்டு ஏறினேன். எல்லாக் கிளைகளையும் ஒட்ட வெட்டினேன். ஜன்னலோரக் கிளையை மட்டும் விட்டேன்.

"அது ஒண்ண மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்றாள் ஹிசாயே.

"பொண்ணு கண்ணுக்குப் பச்சையா ஏதாவது தெரியட்டும்னுதான்."

"கொடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிஹாரு கீழே குளிக்க வந்தபோது குளியலறையை வெளியே தாழிட்டேன். அந்த நேரத்தில் கிளையை அடிமரத்தை ஒட்டி முக்கால்வாசி அறுத்தேன். அறுத்த இடத்தை வைக்கோல் பாய் கொண்டு சுற்றினேன். குளிர்காலத்தில் பூச்சி பிடிக்க எல்லோரும் சுற்றுவதுதான், நவம்பரில் மரத்துக்கு ஏன் வைக்கோல் சுற்றுகிறாய் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கம்பத்திலிருந்து ஒரு கயிறும் கட்டினேன். கயிறு பனியைத் தாங்கும், ஆளைத் தாங்காது.

அவள் சாக வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை. கீழே பாசி மெத்தை மாதிரி இருந்தது. கால் முறிந்தவள் எந்த ஊருக்குப் போவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். பாசியின் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு கல்விளக்கு இருந்தது. அதை நகர்த்தப் பார்த்தேன். கனமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மறுநாள் விடியும்போது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. கிளை முறிகிற சத்தம் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் வெளியே போனேன். கல்விளக்கின் மேல் முதுகு அடிபட விழுந்து கிடந்தாள். என்னைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், வலியில்தான் இருக்கும்.

இனி நடக்க மாட்டாள் என்கிறார் டாக்டர். கிளையை அறுத்தது நீயா என்று கேட்கிறீர்கள். ஆமாம் இன்ஸ்பெக்டர் ஐயா, நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவளை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். கீழ் அறையைச் சுத்தம் செய்து, புது மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. பெற்ற பெண்ணைப் பூட்டி வைக்கிற அப்பன் இல்லை நான்.