பிழைதிருத்தம் இல்லாத புத்தகம்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். தண்ணீர் போதும்.

என் பெயர் தெய்வசிகாமணி. வீடு நெல்லித்தோப்பில். நகரத்தின் விதிப் புத்தகத்தை இருபத்திரண்டு வருடமாக நான்தான் பார்த்துவருகிறேன். டிசம்பரில் புதிய உத்தரவுகளைச் சேர்ப்பேன், வழக்கொழிந்த விதிகளை அடிப்பேன், வரிசை எண்களை மாற்றிக் கையெழுத்துக்கு அனுப்புவேன். ஜனவரி முதல் தேதி புதுப் புத்தகம் நடைமுறைக்கு வரும். பிரெஞ்சுக்காரன் காலத்து விதிகள்கூட அதில் உண்டு. கையெழுத்துப் போடுகிறவர்கள் யாரும் படித்ததில்லை. அதில் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் என் புத்தகத்துக்கு இன்றுவரை நடுவருடத்தில் தவறைத் திருத்தும் பிழைதிருத்தச் சீட்டு ஒன்றுகூட ஒட்டியதில்லை. மற்ற பிரிவுகளில் வருடத்துக்கு நாலு ஒட்டுவார்கள்.

நான் சொல்ல வந்தது விதி நூற்றுப் பதினான்கைப் பற்றி. பெரிய வாய்க்கால் சாலைக்கு அடியில் மூடி ஓடும் இடத்தில் சேறு அள்ள இறங்குகிறவர், தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மதகடியில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வில்லை தொங்கினாலும் மதகைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

போன வருடப் புத்தகத்தை இருநூறு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். இருநூற்றொன்று வந்தது. போன் இருக்கிற காலத்தில் வில்லை எதற்கு என்று அதை அடித்தேன். சரியாக இருநூறு. பார்க்க அழகாக இருந்தது.

பொங்கல் கழிந்ததும், விதியில் இல்லாத பொருள் என்று பலகையைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். மார்ச்சில் தனிஸ்லாஸ் வந்தார். குருசுக்குப்பம், சேறு அள்ளுகிறவர். யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"சார், பலகையக் கழட்டிட்டாங்க. மதகுக்காரரு கமலக்கண்ணன் போன்ல சொல்றேங்கிறாரு. அடியில போன் எடுக்காது சார்."

"ஜனவரியில பாக்கலாம்."

"அதுவரைக்கும் நாங்க எறங்கணுமே சார்."

"என் கையில என்னப்பா இருக்கு? வருஷத்துக்கு ஒரு தடவதான் திருத்துவோம்."

அவர் நம்பினார். அன்று மாலையே பிழைதிருத்தச் சீட்டைத் தட்டச்சு செய்தேன். பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு கையெழுத்து வாங்கி ஒட்டக் கால் மணி நேரம் ஆகும். எல்லாப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும், எல்லாரும் பார்ப்பார்கள். இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இன்னும் இரண்டு முறை வந்தார். கடைசியாக வந்தபோது தன் வில்லையை என் மேசையில் வைத்தார். "மாட்ட எடமில்ல சார், நீங்களே வச்சிக்கிங்க." நல்ல கனம். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க உதவியது.

அக்டோபரில் விடியும்போதே மழை கொட்டியது. மேல்பக்கத் தெருக்களில் தண்ணீர் ஏறி, மதகைத் திற என்று உத்தரவு வந்தது. கமலக்கண்ணன் நாலு தடவை போன் அடித்திருக்கிறார். யாரும் எடுக்காததால் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்துத் திறந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பார்ப்பதற்குப் பலகை இல்லையே. அடியில் இருந்த தனிஸ்லாஸைத் தேங்காய்த்திட்டுப் பக்கம் மீனவர்கள் பிணமாகத் தூக்கினார்கள்.

தன் கவனக்குறைவால் இறந்தார் என்று அறிக்கை. அவர் மனைவி வேளாங்கண்ணி என்னிடம் வந்தார்.

"குடிச்சிட்டு எறங்கினாருன்னு சொல்றாங்க சார். பொண்ணு ஜெர்லின் பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது. வில்ல மாட்டுற சட்டம் இருந்துச்சு, எடுத்துட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

வில்லைமேல் ஒரு ஃபைலை நகர்த்தி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். நூற்றுப் பதினான்கில் அப்போது நாய் வளர்ப்போர் உரிமம் இருந்தது. அந்த அம்மா விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முழுவதும் படித்தார். புத்தகத்தில் இல்லாததை நான் எப்படி எழுதிக் கொடுப்பது? பாவமாகத்தான் இருந்தது.

இந்த ஜனவரிப் புத்தகத்தில் வில்லை விதியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். முன்பு நடந்தவற்றுக்கு இது பொருந்தாது என்று அடிக்குறிப்பும் போட்டேன், குழப்பம் வரக் கூடாது பாருங்கள். நேற்று வேளாங்கண்ணி அதைப் பார்த்துவிட்டு வந்தார். அழவில்லை, கத்தவில்லை.

"இது வேணும்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

அவர் போனதும் இழுப்பறையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தேன். இரவெல்லாம் ‘தெரியாது’ என்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். தெரியும் சார். மார்ச்சிலேயே தெரியும். கால் மணி நேர வேலையைச் செய்யாமல் அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

இதோ அவர் வில்லை. இது அந்தச் சீட்டு. அன்றே தேதி போட்டிருக்கிறேன். படித்துப் பாருங்கள், ஒரு எழுத்துப் பிழை இருக்காது.