கோலப்பன் வீட்டு வெள்ளைக் கவர்கள்

— இதுல எங்கயாவது ஒரு தம்பிரான் மசாலா கவரு கெடக்கான்னு நீயே கிளறிப் பாரு உலகு. சாக்கு பூரா வெள்ளக் கவரு!

— அந்தச் சாக்க நீங்க எதுக்கு எடுத்தீங்க? நான் குளிச்சிட்டு வந்து குடுக்க மாட்டனா?

— கர்மசேனைக்காரி வாசல்ல நின்னு பெல் அடிக்கா. மாசம் ஒருக்க பிளாஸ்டிக் எடுக்க வர்ற பிள்ள, வெயில்ல நிக்காளேன்னு நான் எடுத்துட்டுப் போனேன். அவ சாக்க அவுத்துப் பாத்துட்டு ஒரே சிரிப்பு.

— லிபியா? அவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?

— "இது தம்பிரான் கோலப்பன் சாருக்க வீடு தன்னே அல்லே சாரே? கவர் முழுக்க சூப்பர்மார்க்கெட்டுக்க சொந்தக் கவராணல்லோ"ன்னு கேக்கா. முப்பத்திநாலு வருஷம் தம்பிரான் மசாலாவுக்கு மல்லியும் மொளகா வத்தலும் மோந்து பாத்து எடுத்தவன் நான். கரமனை பூரா அறியும். எனக்க வாசல்ல வச்சு ஒரு சின்னப் பிள்ள கேக்கா.

— அத்தனையும் கழுவி, கொடியில காயப்போட்டு, ஒண்ணுபோல மடக்கி வச்சிருக்கேனே, அதுக்கு ஒண்ணும் சொல்லலியா அவ?

— ஏட்டி, பேச்ச மாத்தாத. சாம்பார் பொடி, ரசப்பொடி, காயம், சேமியா, தேயில வரைக்கும் அந்தக் கடைக்கப் பேரு போட்ட சாதனம். எத்தன நாளா நடக்கு இது?

— ரெண்டு வருஷமா.

— ரெண்டு வருஷமா!

— கத்தாதீங்க. பக்கத்து வீட்டு ஸ்ரீலட்சுமி டீச்சர் ஜன்னலத் தொறந்துருவா. நான் என்ன திட்டம் போட்டா செஞ்சேன்? அன்னைக்கு நல்ல மழ. கடையில தம்பிரான் தீந்து போச்சு. கீழ்த் தட்டுல வெள்ளக் கவருல இது இருந்துச்சு. பூவும் இல்ல, படமும் இல்ல, பல்லக் காட்டிட்டு நிக்கிற நடிகையும் இல்ல. ஒரு நாளைக்குத்தானேன்னு எடுத்தேன்.

— எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம?

— சொன்னா தின்பீங்களாக்கும்! வீட்டுக்கு வந்து தம்பிரான் டப்பாவுலயே தட்டி வச்சிட்டேன். மறுநாளு சாம்பார ஊத்திட்டு, இப்பம் தட்டத் தூக்கி எறியப் போறாருன்னு கதவு பக்கமா ஒதுங்கி நிக்கேன். ஒரு வாய் வச்சிட்டு நீங்க என்ன சொன்னீங்க, நெனவிருக்கா?

— இல்ல. என்ன சொன்னேன்?

— "உலகு, இன்னைக்கு சாம்பாரு பஸ்ட் கிளாஸ். தம்பிரான்னா தம்பிரான்தான்"னீங்க. சிரிப்ப அடக்க முடியல எனக்கு. அடுக்களையில போயி முந்தானைய வாயில திணிச்சிட்டு நின்னேன்.

— சிரிச்சியா?

— பின்னே என்னவாம்? அடுத்த வாரம் அந்தக் கடைக்க ரசப்பொடி. அதும் பஸ்ட் கிளாஸ். காயத்த மாத்தினேன், அதும் பஸ்ட் கிளாஸ். பொறவு எனக்கே பிடிச்சுப் போச்சுங்க. உள்ளதச் சொல்லட்டா? உங்க தம்பிரான்ல வத்தல் தூக்கல். தின்னா நெஞ்சு எரியும். முப்பத்தஞ்சு வருஷமா உங்களுக்காகப் பொறுத்துட்டுத் தின்னேன். இதுல மல்லி மல்லியா இருக்கு. வெந்தயம் கணக்கா விழுந்திருக்கு. கொதிச்சு வரும்போ ஸ்ரீலட்சுமி டீச்சர் அங்க இருந்து விளிச்சு, "இன்னு எந்தாணு மாமி, சாம்பாறா?"ன்னு கேக்கா.

— கொள்ளாம். எனக்க வீட்டுலயே எனக்கு எதிரா ஒரு கம்பெனி நடக்கு.

— ஒருத்தி நாக்குக்குப் பிடிச்சதத் தின்னா உங்களுக்கு எதிராயிருமா? நல்ல கதையா இருக்கே. அத விடுங்க. இப்பம் நாலு மணிக்கு அந்தக் கடையில இருந்து பிரஜின் போன்ல விளிப்பான். என்ன சொல்லப் போறீங்க?

— காலையிலேயே உனக்கிட்டச் சொல்லியாச்சு. முடியாது.

— அந்தக் கடைக்காரங்களே தேடி வந்து உங்கள விளிக்காங்க. அவங்க பேரு போட்டு விக்கிற சாம்பார் பொடிய இனி எந்த மில்லுல அரைக்கணும்னு நீங்க மோந்து பாத்துச் சொல்லணும். வாரத்துல ரெண்டு நாளு. வாசலுக்கு வண்டி வருமாம். இதுல என்ன கொழப்பம்?

— தம்பிரான்ல இருந்தவன் போயி ஒரு சூப்பர்மார்க்கெட் கவருக்கு மூக்க நீட்டவா? சோறு போட்ட கம்பெனிட்டி அது.

— தம்பிரான்காரன் மால போட்டு உங்கள அனுப்பி மூணு வருஷம் ஆச்சு. இப்பம் சோறு போடுகது நான்.

— வாயி, வாயி!

— வாயி இல்லாம உங்களோட எப்பிடி இருக்க? இங்க பாருங்க, நான் சொல்லுகது உங்களுக்கு மனசிலாவல. மூணு வருஷமா இந்தக் கசேரய விட்டு நீங்க எழும்பல. சாலைக் கடைத்தெருப் பக்கம் போறதில்ல. கல்யாணம்னு யாராவது வந்து விளிச்சா ஒடனே தலவலி. முன்ன நீங்க பந்தியில உக்காந்தா, நாலு பேரு சுத்தி நின்னு, "கோலப்பண்ணே, சாம்பாருக்கு என்ன கொறவு, சொல்லும்"னு கேப்பாங்க. நீங்க எலையில குனிஞ்சு ஒரு இழுப்பு. "காயத்தப் பிந்திப் போட்டிருக்கான்"ம்பீங்க. சமையல்காரன் ஓடி வந்து கையப் பிடிப்பான். எனக்குப் பெருமையா இருக்கும். அந்த மனுசன் எங்க போனாரு?

— வயசாகுதுல்லா.

— அறுபத்தொண்ணு ஒரு வயசா? டிவி ஓடுகு, நீங்க அதப் பாக்கிறதும் இல்ல. கூப்பிட்டா திடுக்குன்னு முழிக்கீங்க. எனக்குப் பயமா இருக்குங்க. இருந்த எடத்துலயே ஒரு நாளு அணஞ்சு போயிருவீங்களோன்னு பயந்து சாகுகேன். அதுக்குத்தான் பிரஜின்கிட்ட ஷரின்னு சொல்லுங்கன்னு கெஞ்சுகேன். பொடிக்காகவா கெஞ்சுகேன்?

— உலகு, என்ன விட்டுரு. எனக்குத் தம்பிரான் போதும்.

— ரெண்டு வருஷமா என்ன தின்னோம்னே தெரியாதவருக்கு வீம்பப் பாரு! செரி, ஒரு பந்தயம். ஓணத்துக்குக் கம்பெனி பழைய ஆளுகளுக்குத் தந்த தம்பிரான் பாக்கெட் பிரிக்காம இருக்கு. அதுல ஒரு கரண்டி, கடைப் பொடியில ஒரு கரண்டி. கண்ண மூடிட்டு மோந்து சொல்லுங்க. சரியாச் சொன்னா நான் சாகிற வரைக்கும் இங்க தம்பிரான்தான். தப்பாச் சொன்னா, ரெண்டும் ஒண்ணு போலதான்னு ஒத்துக்கிட்டு பிரஜினுக்கு ஷரி சொல்லணும்.

— வெளையாட்டெல்லாம் வேண்டாம்.

— மூக்குக்குப் பயமா?

— எனக்க மூக்குக்கா? கொண்டு வா போ.

— வந்தாச்சு. கண்ண மூடுங்க. கள்ளத்தனம் வேண்டாம், கண்ணு எம ஆடுகு.

— மூடியாச்சுட்டி. நீட்டு.

— இந்தா. இழுத்து மோந்து பாருங்க.

— ம்ம்.

— என்ன ம்ம்? இன்னொருக்க இழுங்க.

— இதுக்கு எதுக்கு இன்னொருக்க? மல்லிய நிதானமா வறுத்திருக்கான். நீ சொன்ன மாதிரி வத்தல் கொஞ்சம் முன்னால நிக்கி. தம்பிரான். சந்தேகமே வேண்டாம்.

— என்னங்க...

— தோத்தியா?

— கண்ணத் தொறங்க.

— தொறந்தாச்சு. என்னது இது, கறுப்பா?

— காப்பிப்பொடிங்க. நீங்க என்னைய வைவீங்க, சேந்து சிரிக்கலாம்னு மொதல்ல அத நீட்டினேன். ஐயோ, உங்களுக்கு மணமே தெரியலியா? எப்பத்துல இருந்து?

— ரிட்டயர் ஆன மறுமாசம் காய்ச்சல்ல படுத்தேம்லா, நீ கஞ்சி வச்சுத் தந்தியே, அதுல போச்சு. வந்துரும் வந்துரும்னு பாத்தேன். வரல. உப்பு தெரியும், புளி தெரியும், எரிப்பு தெரியும். அதுக்கு மேல வைக்கோலத் தின்ன மாதிரிதான்.

— டாக்டருக்கிட்ட?

— அப்பமே ஒரு நாளு சாலைக் கடைத்தெருவுக்குப் போறேன்னு உனக்கிட்டச் சொல்லிட்டு மெடிக்கல் காலேஜுக்குப் போனேன். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராதுன்னாங்க.

— எனக்கிட்டச் சொல்ல என்னங்க? நான் யாரு, வேத்தாளா?

— இந்த மூக்குக்குத்தானே ஊரு என்னைய மதிச்சுது உலகு. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா கோலப்பன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? கல்யாண வீட்டுல எலைக்கு முன்னால உக்காந்து நான் என்னத்தச் சொல்ல? இப்பங்கூட ரெண்டுல ஒண்ணுதானே, தப்பிச்சுரலாம்னுதான் கண்ண மூடினேன்.

— அப்பம் தெனமும் பஸ்ட் கிளாஸ், பஸ்ட் கிளாஸ்னு சொன்னது?

— பொடியவா சொன்னேன்? சோத்த வச்சிட்டு நீ எனக்க மொகத்தையே பாத்துட்டு நிப்பல்லா. நான் ஒண்ணும் சொல்லலன்னா உனக்கு அன்னைக்கு முழுக்கச் சோறு எறங்காது. அதான் சொன்னேன்.

— அதக் கேட்டுட்டு அடுக்களையில நின்னு சிரிச்சேனே, சிவனே. ரெண்டு வருஷமா சிரிச்சேனே.

— அழாத. இந்தா, போன் அடிக்கி. பிரஜின்தான். நான் என்ன சொல்லட்டும்? மூக்கு இல்லன்னு சொல்லிரவா?

— நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். போன இங்க தாங்க, நான் பேசுகேன். ஹலோ.

— ஹலோ ஆன்ட்டி, பிரஜினாணு. சார் எந்து பறஞ்ஞு? சம்மதிச்சாரா?

— இல்ல மக்கா. அவரு வரமாட்டாரு.

— அய்யோ, எந்தா ஆன்ட்டி? எங்க பொடி சாருக்குப் பிடிக்கலியா?

— எப்பிடி மக்கா பிடிக்கும்? அன்னைக்கு மழையில தெரியாம உங்க பொடிய வாங்கிப் போட்டுட்டேன். ஒரு வாய் வச்சதுமே மனுசன் கண்டுபிடிச்சிட்டாரு.