ஒற்றைக்கண் ஜீப்

மாலை ஏழு மணி. கைவிடப்பட்ட கல்குவாரியைச் சுற்றி ஒரு மண்தடம். வீடு இல்லை, ஆள் இல்லை, ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லை...

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நம்ம வெல்டர் இருக்கிறாரே, அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. கிரேன் ஓட்டுகிறவர். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கிற ஆள்.

அவர் தம்பி பழைய ஜீப் ஒன்று வாங்கியிருந்தான். ஒரு பக்க விளக்கு எரியாது. மேடுபள்ளத்தில் ஓட்டிப் பழக ஆசை. அந்தத் தடம் பழகுகிறவர்களுக்கென்றே இருப்பது. நடுவில் ஓர் இறக்கம், முழங்கால் தண்ணீர், ஓர் ஏற்றம். அவ்வளவுதான்.

அண்ணனும் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு துணைக்குப் போனார். மண்ணில் பிடிப்பு வேண்டுமென்று இரண்டு வண்டி டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கினார்கள்.

"நான் முன்னால போறேன். உன் வெளிச்சம் என் கண்ணாடியில தெரியணும். தெரியலன்னா திரும்பி வந்துடுவேன். பயப்படாதே" என்றார் அண்ணன்.

"ஒத்தக்கண்ணன் வர்றது தெரியாமலா போயிடும்? என்னையே பாத்துக்கிட்டு நீ எங்கயாச்சும் முட்டி வைக்காதண்ணே!"

தண்ணீரைத் தாண்டி ஏறினார். கண்ணாடியில் இருட்டு. பிரேக்கில் கால் வைத்தார்... வெளிச்சம் வந்துவிட்டது.

இரண்டு விளக்கு.

குலுங்கின குலுங்கலில் செத்த விளக்குக்கும் உயிர் வந்துவிட்டது என்று சிரித்தாராம். தூரத்தில் ஹாரன். நீளமாக... விட்டு விட்டு...

"பய குஷியில அடிக்கிறான்."

காலை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

தடம் முடிந்த இடத்தில் நின்றார். பின்னால் விளக்குகளும் நின்றன. இஞ்சின் சத்தம் இல்லை. ஈரச் சேற்று வாடை மட்டும்.

"டேய், அணைச்சிட்டு இறங்குடா!"

அணைந்தது. போய்ப் பார்த்தார். வண்டி இல்லை. மண்ணில் அவருடைய டயர்த்தடம் மட்டுமே.

ஓடினார். ஜீப் தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஒற்றை விளக்கு தண்ணீருக்கு அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. தம்பியின் கை ஹாரன்மேல். இன்னும் சூடு போகவில்லை. முழங்கால் தண்ணீர்தான். ஹாரன் கேட்டபோதே திரும்பியிருந்தால், கழுத்தைத் தூக்கிப் பிடித்தாலே போதும். பிழைத்திருப்பான்.

இப்போது அவர் கிரேனுக்குப் போவதில்லை. இருட்டினால் வண்டியை எடுக்கிறார். டீசல் தீரும்வரை நிறுத்துவதில்லை. அக்கா அழுது ஓய்ந்துவிட்டார். போன வாரம் வெல்டர் பிடிவாதமாகக் கூட ஏறிக்கொண்டார்.

"போதும் மச்சான், நிறுத்துங்க."

"எப்படி மாப்ள நிறுத்தறது? வெளிச்சம் தெரியுதே... தெரியற வரைக்கும் அவன் வந்துக்கிட்டுதானே இருக்கான்?"

வெல்டர் திரும்பிப் பார்த்தார். வெறும் ரோடு. கண்ணாடியைப் பார்த்தார். ஒற்றை விளக்கு, மஞ்சளாக.

அதற்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி... இரண்டு விளக்கு.