வாவிக்கரை டீசல் இஞ்சினில் தீப்பிடித்தமை தொடர்பாக நிஸ்மியா கூறியது

எனது பெயர் இஸ்மாயில் நிஸ்மியா. வயது 43. ஏறாவூரில் வசிக்கிறேன். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். நான் வாவிக்கரையிலுள்ள புகையிரத நூதனசாலையின் பொறுப்பாளர்.

எங்கள் வளவில் பயணிகள் வண்டி இழுத்து ஓய்வு பெற்ற ஒரு டீசல் இஞ்சின் நிற்கிறது. அந்த வகை இஞ்சின் இந்த நாட்டில் வேறொன்று மிச்சமில்லை. அதைப் பழுதாகாமல் பாதுகாப்பது எனது வேலை. அதன் அருகே கிடந்த உடைந்த சாமான் ஏற்றும் புகையிரதப் பெட்டிகளை வெட்டி எடுக்க ஒரு பழைய இரும்பு ஒப்பந்தக்காரருக்கு அனுமதி இருந்தது. இஞ்சினை வெட்ட அனுமதி இருக்கவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் லொறியில் வந்தனர். மேற்பார்வையாளர் பஹ்மி என்பவர். இரும்பு வெட்டும் கேஸ் கட்டர் பிடிப்பவர் றிஸ்லான், எனது கணவரின் தம்பி. பெட்டிகளை வெட்டி முடித்த பின்னர் பஹ்மி இஞ்சினையும் வெட்டச் சொன்னார். நான் தடுத்தேன். வேலிக்குள் கிடக்கிற இரும்பெல்லாம் தங்களுக்குத்தான் என்றார். அதன் பின்னர் நான் நூதனசாலையை நடத்தும் எங்கள் சங்கத்தின் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பதில் இல்லை. வாசலுக்கும் இஞ்சினுக்குமாக நடந்து நடந்து மறுபடியும் எடுத்தேன், பதில் இல்லை. அதன் பின்னர் இஞ்சினில் ஏறி, சாரதி அறைக்குள் போய், கதவை உள்ளே கம்பியால் முறுக்கிக் கட்டினேன்.

றிஸ்லான் கீழே நின்று, "மதினி, இறங்குங்க. நீங்க உள்ளுக்கு இரிக்கக்கொள்ள நான் பத்தவைக்க மாட்டன்" என்றார். நான் இறங்கவில்லை. அவர் கட்டரை நிலத்தில் வைத்துவிட்டு விலகினார். அதன் பின்னர் பஹ்மி அதை எடுத்துப் பற்றவைத்து, இஞ்சினின் பின்பக்கக் கைப்பிடியை வெட்டத் தொடங்கினார். கண்ணாடி வழியாக நான் கண்டேன். பொறி பறந்து, அடியில் எண்ணெய் ஊறிக் கிடந்த பழந்துணியில் விழுந்து தீப்பிடித்தது.

புகை உள்ளே வந்தது. கதவைத் திறக்கப் போனேன். நான் கட்டிய கம்பி எனது கைக்கே அவிழவில்லை. றிஸ்லான் பக்கத்துக் கண்ணாடியை உடைத்து என்னை வெளியே இழுத்தெடுத்தார். அவருடைய இரண்டு கைகளும் அப்போதுதான் வெந்தன. பஹ்மி லொறிக்கு ஓடிவிட்டார். அதன் பின்னர் நானும் ரிக்கற் கொடுக்கும் கண்ணகையும் மண்ணை அள்ளிக் கொட்டித் தீயை அணைத்தோம். இஞ்சினின் ஒரு பக்கம் கருகியது. மற்றது தப்பியது.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தேன். பஹ்மி அங்கு வந்தார். "இஞ்சின உங்களுக்கே விட்டுத் தாறம். றிஸ்லான்ட கையாலதான் தீப் புடிச்ச எண்டு சொல்லுங்க. மாட்டன் எண்டா, எரிஞ்ச சாமான் எண்டு சொல்லி முதலாளி அதையும் வெட்ட அனுமதி எடுப்பார்" என்றார். முடியாது என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வார்டுக்குள் போனேன். றிஸ்லானின் மனைவி சப்னா அவருக்குக் கரண்டியால் தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "நீங்க வெட்டினத்த நான் கண்டன். அதத்தான் சொல்லுவன்" என்றேன்.

றிஸ்லான்தான் தீ வைத்ததாகப் பஹ்மி பொலிஸில் செய்த முறைப்பாடு பொய். கட்டரைப் பிடித்தது பஹ்மி. கதவைக் கட்டியது நான்.

இஞ்சின் இப்போது வழக்கின் சாட்சிப் பொருள் என்றும், வழக்கு முடியும்வரை எவரும் அதைத் தொடவோ வெட்டவோ முடியாது என்றும் இதை எழுதும் சார்ஜன்ட் ஐயா சொன்னார். நானும் தொட முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். மாரி தொடங்கப் போகிறது. உடைந்த கண்ணாடி வழியாக மழை உள்ளே இறங்கும். ஒரு படங்கு போட்டு மூடுவதற்கு நீதிமன்றம் அனுமதி தர வேண்டும் எனக் கேட்கிறேன். இது வாக்குமூலத்திற்குத் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. தேவை, எழுதுங்கள் என்றேன்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது முழுவதும் உண்மை.

ஒப்பம்: இ. நிஸ்மியா