கட்டிக் கொடுத்த அத்தைமார்

தலைமையேற்றுத் தண்ணிழலாய் அமர்ந்திருக்கும் தகைசால் போதகர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, விழிஞ்ஞத்திலிருந்தும் பாறசாலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே, வணக்கம்!

என் பெயர் ஷிஜி. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை. என் அக்கா அனுஷா இருந்திருந்தால் இந்த மேடையில் இன்று அவள் பாடியிருப்பாள். அந்தக் குரலுக்காக நான் ஏங்காத நாள் இல்லை.

உடலின் செல்கள் இரண்டாகப் பிரியும்போது உள்ளிருக்கும் மரபிழையில் கிழிசல் விழும். மீன்வலை என்றால் கிழியாதா? கிழியும்! தைக்க ஆள் வேண்டாமா? வேண்டும்! பிஆர்சிஏ என்ற மரபணு அந்தத் தையலுக்கு உதவுவது. அது பழுதாகிப் பிறந்தவர்களுக்கு மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரும் வாய்ப்பு அதிகம். வந்தே தீரும் என்றில்லை, அறிந்தவர் முந்திக்கொள்ளலாம்.

அக்காவின் மார்பில் கட்டி. குடும்பத்தில் யாருக்காவது புற்று உண்டா என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார்: "ஃபேமிலியில் ஆர்க்கெங்கிலும் உண்டோ?" அப்பா சட்டென்று சொன்னார்: "இல்ல டாக்டரே, எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கெடையாது." கைக்குழந்தைக்காரி அவள். பால்கட்டி என்றே எல்லோரும் நம்பினோம். மாதங்கள் போயின, புற்று பரவிவிட்டது.

அவளை அடக்கம் செய்த அன்று சற்குணம் அத்தையின் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "எங்க அம்மையும் இதே புத்து சூக்கேட்டுலதான் போனா, ஷிஜி."

சற்குணம் அத்தை யார்? அப்பாவின் சொந்த அக்கா! "ஏம்ப்பா டாக்டர்ட்ட சொல்லல?" என்றேன். அப்பா பொய்யர் அல்லர், தாய்மார்களே. "அக்காளக் கெட்டிக் குடுத்தாச்சுல்லா மக்ளே? அது அவிய குடும்பமாக்குமே" என்றார்.

மாலை மாற்றினால் முகவரி மாறும், மரபணு மாறுமா? பெயர் மாறும், பிறப்பு மாறுமா? பிறகு ரத்தம் சோதித்துப் பார்த்தோம்: அத்தைக்கு இருந்த பழுது அப்பாவுக்கும் இருந்தது. அப்பா வழியாக அனுஷாவுக்கு வந்தது. எனக்கும் வந்திருக்கிறது.

ஏன் இந்தச் சலசலப்பு? "கல்யாணம் முடியட்டும், பொறவு சொல்லலாம்" என்று அம்மாவும் கெஞ்சினார். என்னைப் பெண் பார்த்துப் போனவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். கேட்கட்டும்! ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கிறேன், எனக்கு வாழ ஆசை. அக்காவுக்கும் அந்த ஆசை இருந்ததே, ஐயோ, எவ்வளவு இருந்தது!

வீட்டுக்குப் போங்கள். கேளுங்கள். யாருக்குப் புற்று வந்தது என்று, கட்டிக் கொடுத்த அத்தைமாரையும் சேர்த்துக் கேளுங்கள்!

அப்பா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள்... என்னப்பா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். அப்பா சொல்கிறார்: "சற்குணம் அக்கா எங்க குடும்பமாக்கும்."

இனி நான் பேச ஒன்றுமில்லை. செவி தந்த அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.